மைக்கைப் பிடிக்கும் முன்: டிவி செய்தியாளராக வர நினைப்பவர்களுக்கு

"டிவியில நிருபர் ஆகணும் சார்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, காலை ஐந்தரைக்கு எழுந்திருப்பீர்களா என்பதைத்தான். சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தென் மாவட்டங்களில் 18 ஆண்டுகள் மைக் பிடித்திருக்கிறேன். அதில் முக்கால்வாசி நேரம் காத்திருப்பதிலேயே போயிற்று: பிணவறை வாசலில், ஆட்சியர் அலுவலக வேப்பமரத்தடியில், அமைச்சர் வருவதாகச் சொல்லி வராமலே போன சாலையோரங்களில். திரையில் முகம் தெரிந்தது நாளுக்கு இரண்டு நிமிடம் இருந்தால் அதிகம். சரி, இதையெல்லாம் கேட்ட பிறகும் வருவேன் என்பவர்களுக்கு, வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்

செய்தி வாசிப்பவர் வேறு, விவாதம் நடத்தும் நெறியாளர் வேறு, களத்தில் நிற்கும் செய்தியாளர் வேறு. இந்த மூன்று பேரையும்விட அதிகமான ஆட்கள் முகமே தெரியாமல் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். செய்தியை உள்ளே கொண்டுவரும் பக்கத்துக்கு இன்புட் என்று பெயர். செய்தியாளர்களும் அவர்களை அங்கும் இங்கும் அனுப்பும் அசைன்மென்ட் டெஸ்க்கும் அதில் அடங்கும். வந்ததை எழுதி, வெட்டி, புல்லட்டினுக்கு அடுக்கும் பக்கம் அவுட்புட். நேர்காணலுக்குப் போய் இந்த இரண்டும் தெரியாமல் விழித்தால் அங்கேயே கதை முடிந்தது.

களத்திலும் படிநிலை உண்டு. சென்னையில் சம்பளப் பட்டியலில் இருக்கும் நிருபர், மாவட்டத் தலைநகரில் மாவட்டச் செய்தியாளர், தாலுகாவில் ஸ்ட்ரிங்கர். ஸ்ட்ரிங்கருக்குப் பெரும்பாலும் ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. கேமரா அவருடையது, பைக் அவருடையது, பெட்ரோலும் அவருடையது. இரவு இரண்டு மணிக்குப் பேருந்து கவிழ்ந்தால் முதலில் போய் நிற்பவரும் அவர்தான்; பணம் வரும் தேதி மட்டும் அவருக்குத் தெரியாது. இந்த வழியில் உள்ளே நுழைவதென்றால் வீட்டில் வேறொரு வருமானம் இருக்க வேண்டும். எனக்கு அப்பாவின் மளிகைக் கடை இருந்தது.

அடையாள அட்டைக்கும் லோகோ போட்ட மைக்குக்கும் 'டெபாசிட்' கேட்கும் இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். சம்பளம் தராமல் உங்களிடமே பணம் வாங்குகிறவர், நீங்கள் ஊருக்குள் யாரையாவது மிரட்டிச் சம்பாதித்துக்கொள்வீர்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

படி 2: படிப்பும் நாக்கும்

இதழியல் படித்தால் நல்லது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அதற்கான துறைகள் இருக்கின்றன. சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் இருக்கிறது. விஸ்காம் எனும் காட்சித் தொடர்பியல் படிப்பு இல்லாத நகரமே இப்போது கிடையாது. ஆனால் நான் பார்த்த மிகச் சிறந்த குற்றச்செய்தி நிருபர் தாவரவியல் பட்டதாரி. பட்டம் உங்களை வாசல்வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான்.

நாக்குதான் பெரிய பாடு. "மேற்குத் தொடர்ச்சி மலையில் பலத்த மழை, பழையாற்றில் வெள்ளம், பள்ளிகளுக்கு விடுமுறை." இந்த வரியை ஒரு மாதம் தினமும் பத்து முறை சத்தமாகச் சொல்லுங்கள். ல, ள, ழ மூன்றும் தனித்தனியாக விழவில்லை என்றால் வீட்டிலிருந்து யாராவது சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இப்போதே வந்துவிடுவது நல்லது. அப்புறம், ஃபோனை எதிரே வைத்து, உங்கள் தெரு ரேஷன் கடையைப் பற்றி எழுதி வைக்காமல் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். முதல் வாரம் 20 நொடியில் சரக்கு தீர்ந்துவிடும். தீரும் இடத்தில்தான் நீங்கள் அந்தக் கடைக்குள் போய் இன்னும் நான்கு கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்று புரியும். தமிழ்99 தட்டச்சைப் பழகிக்கொள்ளுங்கள். பைக்கில் உட்கார்ந்தபடி ஐந்து நிமிடத்தில் செய்தி அடித்து அனுப்ப வேண்டியிருக்கும்.

படி 3: காதுக்கு எழுதுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பத்திரிகைத் தமிழில்தான் எழுதுவார்கள். இப்படி: "மூன்று மாதங்களாக முறையாகக் குடிநீர் வழங்கப்படாததைக் கண்டித்து அப்பகுதியைச் சேர்ந்த பொதுமக்கள் காலிக்குடங்களுடன் திடீர் சாலை மறியலில் ஈடுபட்டதால் சுமார் ஒரு மணி நேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டது." கண்ணால் படிக்கும்போது இது பிழையில்லை. காதால் கேட்பவர் 'பொதுமக்கள்' வருவதற்குள் அடுத்த சேனலுக்குப் போயிருப்பார்.

திரையில் காலிக்குடம் தெரிகிறது. பிறகு எதற்கு அதைச் சொல்ல வேண்டும்? திரை காட்டாததைச் சொல்லுங்கள்: "இந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் வந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு குடம் தண்ணீரைப் பத்து ரூபாய் கொடுத்து வாங்குகிறார்கள். இன்று காலை குடங்களோடு சாலைக்கு வந்துவிட்டார்கள்." சின்னச் சின்ன வாக்கியம், ஒன்றுக்கு ஒரு விவரம். எழுதியதை வாய்விட்டுப் படித்து, மூச்சு முட்டும் இடத்தில் வெட்டுங்கள். நிமிடத்துக்கு எத்தனை சொல் உங்களால் படிக்க முடிகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 90 நொடி செய்தி கேட்டால் 90 நொடிக்குத்தான் எழுத வேண்டும். டெஸ்க்கில் இருப்பவர் வெட்டினால் உங்களுக்குப் பிடித்த வரியைத்தான் முதலில் வெட்டுவார்.

படி 4: படம் இல்லாவிட்டால் செய்தி இல்லை

உங்களுடன் வரும் ஒளிப்பதிவாளர் அண்ணன் பெரும்பாலும் உங்களைவிடப் பத்து ஆண்டு கூடுதலாகக் களம் பார்த்தவர். எங்கே கல் விழும், எந்தப் பக்கம் தடியடி நகரும் என்பது அவருக்குத் தெரியும். "அதை எடுங்க, இதை எடுங்க" என்று விரட்டாதீர்கள். செய்தி என்ன என்று போகும் வழியிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள், படம் தானாக வரும். சாப்பாட்டு நேரத்தில் அவரை விட்டுவிட்டுத் தனியாகச் சாப்பிடவும் போகாதீர்கள்.

இப்போது பல இடங்களில் நீங்களேதான் ஃபோனில் எடுக்க வேண்டும். அப்படியென்றால் இரண்டு பழக்கம் போதும். ஒவ்வொரு ஷாட்டையும் ஆட்டாமல் பத்து நொடி பிடியுங்கள்; தூரத்திலிருந்து ஒன்று, நடுவாக ஒன்று, நெருக்கமாக இரண்டு. பைட், அதாவது ஒருவர் கேமரா முன் பேசும் துண்டு, எடுக்கும்போது பேசுகிறவர் தன் பெயரையும் பொறுப்பையும் முதலில் கேமராவிடமே சொல்லட்டும். பெயரைத் தப்பாகப் போட்டு, மறுநாள் அந்த ஊருக்குள் போக முடியாமல் நின்றவன் சொல்கிறேன்.

பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: மைக்குக்கு மாற்று பேட்டரி, பவர் பேங்க், மைக்கை மூட பாலிதீன் உறை, ரெயின்கோட், ஒரு மாற்றுச் சட்டை, தண்ணீர், கடலைமிட்டாய், கொஞ்சம் ரொக்கம். ரொக்கத்தை மறக்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்த மறுநாள், டெல்டா முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. மின்சாரமும் ஃபோன் சிக்னலும் போன ஊரில் கார்டும் செயலியும் என்ன செய்யும்? லைவ் பேக்பேக் என்று தோளில் மாட்டுகிறோமே, அது பல சிம் கார்டுகளின் இணையத்தை ஒன்றாகக் கட்டிப் படத்தை அனுப்பும் கருவி. டவரே இல்லாவிட்டால் அது வெறும் சுமை. படத்தை எடுத்துக்கொண்டு சிக்னல் இருக்கும் ஊரைத் தேடி ஓட வேண்டியதுதான்.

படி 5: ஆட்களைச் சேருங்கள்

செய்தி ஆட்களிடமிருந்து வருகிறது. பிரஸ் மீட்டில் கிடைப்பது எல்லோருக்கும் கிடைத்துவிடும். டிஎஸ்பியின் எண் எல்லா நிருபரிடமும் இருக்கும். உங்களிடம் காவல் நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ஸ்டேஷன் ரைட்டரின் எண் இருக்கிறதா? 108 ஓட்டுநர், தீயணைப்பு நிலையம், அரசு மருத்துவமனைப் பிணவறை ஊழியர், நீதிமன்ற எழுத்தர், பேருந்து நிலைய டீக்கடைக்காரர்? காலை ஆறு மணிக்கு இவர்களில் ஐந்து பேரையாவது கூப்பிடுங்கள். செய்தி இல்லாத நாளிலும் கூப்பிடுங்கள், முக்கியமாக அந்த நாளில். "அண்ணே, பையனுக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே" என்று கேட்டுப் பேசிய பழக்கம்தான், பெரிய சம்பவம் நடந்த இரவில் உங்கள் அழைப்பை எடுக்க வைக்கும்.

காகிதத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 இல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. காவல்துறை இணையதளத்தில் தேடிப் பழகினால், "எஃப்ஐஆர் காப்பி குடுங்க சார்" என்று வாசலில் நிற்கும் வேலை பாதி குறையும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாயில் ஒரு மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். மாதத்துக்கு நான்கு போட்டு வையுங்கள். மூன்று உப்புச்சப்பில்லாமல் வரும். நான்காவது உங்களுக்கு மட்டும் கிடைத்த செய்தியாக இருக்கும்.

நீதிமன்றத்தில் புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகக் கேட்பது கருத்து அல்லது கேள்வி. எழுதிக் கையொப்பமிடுவது உத்தரவு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி, "இதை ஏன் சிபிஐக்கு மாற்றக் கூடாது?" என்று கேட்டதும் "சிபிஐக்கு மாற்றம்" என்று பிரேக்கிங் போட்டுவிட்டு, மாலையில் உத்தரவு வேறாக வந்ததும் தலையைச் சொறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உத்தரவு நகல் வரும்வரை "நீதிபதி கேள்வி எழுப்பினார்" என்று மட்டும் சொல்லுங்கள்.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தைத் தவற விடாதீர்கள். மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்டத்தின் மொத்தக் கவலையும் மனுவாக வரிசையில் நிற்கும். ஆறாவது முறையாக மனு கொடுக்க வந்த பாட்டியிடம் பழைய ஐந்து மனுக்களின் ஒப்புகைச் சீட்டும் இருக்கும், சேலை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். அதைப் படம் எடுத்தாலே செய்தி தயார்.

அதே திங்கள்கிழமைதான் 2017 அக்டோபர் 23 ஆம் தேதியும். நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் கணவன், மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள் என ஒரு குடும்பமே தீயில் போனது. எரியும் குழந்தையின் படம் ஃபோனிலிருந்து ஃபோனுக்குப் போனது. அதன் பிறகு ஆட்சியர் அலுவலக வாசல்களில் பையைச் சோதிக்கும் போலீஸ் நிற்கிறது. நீங்கள் அங்கே நிற்கும்போது ஒருவர் கேனைத் திறந்தால் என்ன செய்வது? கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்க் கேனைப் பிடுங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. படம் இல்லை என்று அலுவலகத்தில் திட்டினால் திட்டட்டும். இன்னொன்று: "நாங்க தீக்குளிக்கப் போறோம், பத்து மணிக்கு வாங்க" என்று சிலர் நமக்கு முன்கூட்டியே ஃபோன் செய்வார்கள். கேமராவோடு கிளம்பும் முன் போலீஸிடம் சொல்லுங்கள்.

படி 6: முந்துவதா, உறுதி செய்வதா

2016 டிசம்பர் 5 மாலையை இந்தத் தொழிலில் இருந்த யாரும் மறக்க மாட்டோம். முதல்வர் ஜெயலலிதா இறந்துவிட்டார் என்று சில தமிழ் சேனல்கள் ஐந்தரை மணி வாக்கில் போட்டுவிட்டன. கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. சிகிச்சை தொடர்கிறது என்று மருத்துவமனை மறுத்ததும் கொடி மறுபடி மேலே ஏறியது. அவர் காலமானது அன்றிரவு 11.30 மணிக்கு என்று பிறகு அறிவித்தார்கள். நடுவில் போன அந்தச் சில மணி நேரத்தில் ஊர்களில் கடைகள் சாத்தப்பட்டன, மக்கள் பேருந்து கிடைக்குமா என்று ஓடினார்கள்.

அன்று தப்பு எங்கே நடந்திருக்கும் என்பது எந்த நிருபருக்கும் புரியும். "ரெண்டு சோர்ஸ் சொல்லுது" என்போம். இரண்டு சோர்ஸும் ஒரே ஆளிடம் கேட்டிருப்பார்கள். அதனால் யார் எதைச் சொன்னாலும், "உங்களுக்கு எப்படித் தெரியும்? நேரில் பார்த்தீர்களா?" என்று ஒரு படி பின்னால் போய்க் கேளுங்கள். மரணம் என்றால் மருத்துவமனையோ குடும்பமோ அரசோ சொல்ல வேண்டும். விபத்தில் எத்தனை பேர் பலி என்றால் மருத்துவமனைக் கணக்குதான் கணக்கு. சம்பவ இடத்தில் நிற்பவர் ஒரே உடலை இரண்டு முறை எண்ணியிருப்பார்.

அசைன்மென்ட் டெஸ்க்கிலிருந்து ஃபோன் வரும்: "எல்லா சேனலும் போட்டாச்சு, நீ என்ன பண்ற?" இதற்கு மழுப்பாமல் பதில் சொல்லப் பழகுங்கள்: "நம்ம ஆள் யாரும் உறுதி செய்யலை. டீன் அறைக்கு வெளியே நிக்கிறேன். பத்து நிமிஷத்துல சொல்றேன்." எங்கே நிற்கிறீர்கள், யாருக்காகக் காத்திருக்கிறீர்கள், எப்போது சொல்வீர்கள். இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலான டெஸ்க் பொறுக்கும். பொறுக்காத டெஸ்க்கும் உண்டு. போடுவதானால் அவர்கள் பொறுப்பில் போடட்டும். உங்கள் வாயால் சொல்லாதீர்கள்.

படி 7: லைவ்

காதில் இயர்பீஸ், எதிரே கேமரா, பின்னால் கை காட்டும் கூட்டம். ஸ்டுடியோவில் நெறியாளர் கேட்கும் கேள்வி இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் உங்கள் காதுக்கு வரும். அந்த இடைவெளியில் கேமராவைப் பார்த்து அமைதியாக நில்லுங்கள், தலையைச் சொறியாதீர்கள்.

தமிழ் நிருபர்களான நமக்கென்று சில நோய்கள் உண்டு. கேள்வி எதுவாக இருந்தாலும் "நிச்சயமாக" என்று தொடங்குவது. "அந்த வகையில்", "பொறுத்தவரையில்", "பார்க்க முடிகிறது", "என்பது குறிப்பிடத்தக்கது". ஆள் நடமாட்டமே இல்லாத தெருவில் நின்றுகொண்டு "பரபரப்பு நிலவுகிறது". இவையெல்லாம் யோசிக்க நேரம் வாங்கும் சொற்கள். நேரம் வேண்டுமானால் எதிரே தெரிவதைச் சொல்லுங்கள். "இப்போது இரண்டாவது ஜேசிபி வந்திருக்கிறது, பள்ளத்தின் மேற்குப் பக்கம் தோண்டத் தொடங்கியிருக்கிறார்கள்" என்றால் அது தகவல்.

ஒன்றுமே நடக்காத லைவ்தான் உண்மையான சோதனை. 2019 அக்டோபர் 25 மாலை மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். 29 அதிகாலை உடலாக மீட்கப்படும்வரை சேனல்கள் அங்கிருந்து இடைவிடாமல் நேரலை செய்தன. மணிக்கணக்காகப் புதிதாக எதுவும் இல்லாதபோது வாய் தானாகவே ஊகத்துக்குப் போகும். குழந்தை இப்போது எப்படி இருப்பான், என்ன நினைப்பான் என்றெல்லாம். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பாறை ஏன் உடைய மறுக்கிறது, ரிக் எந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பொறியாளரிடம் கேட்டு வைத்திருந்தால் அதைச் சொல்லலாம். "கடந்த ஒரு மணி நேரத்தில் மாற்றம் எதுவும் இல்லை" என்று சொல்லி ஸ்டுடியோவுக்குத் திருப்பி அனுப்பவும் செய்யலாம். வானம் இடிந்து விழாது.

படி 8: சட்டமும் சாவு வீடும்

பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72 ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23 ஆம் பிரிவும் சேரும். முகத்தை மங்கலாக்கிவிட்டு வீட்டு வாசலையும் அப்பாவின் கடைப் பெயர்ப் பலகையையும் காட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும். இந்தத் தவற்றை நல்ல நிருபர்களும் செய்கிறார்கள். தேர்தலில், வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரத்தை டிவியில் காட்டக் கூடாது. பயங்கரவாதத் தடுப்பு நடவடிக்கையை நேரலை செய்யவும் தடை உண்டு. 2008 இல் மும்பைத் தாக்குதலின்போது, உள்ளே இருந்த பயங்கரவாதிகளை ஃபோனில் இயக்கியவர்கள் டிவியைப் பார்த்தே தகவல் சொன்னார்கள்.

சாவு வீட்டுக்குச் சட்டம் எதுவும் சொல்லவில்லை, நாம்தான் பார்த்து நடக்க வேண்டும். மகனை இழந்த தாயிடம் மைக்கை நீட்டி "உங்க மனநிலை எப்படி இருக்கு?" என்று கேட்பதைப்போல் கேவலம் வேறில்லை. நானும் ஆரம்ப காலத்தில் கேட்டிருக்கிறேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. இப்போது மைக்கைக் காரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். சித்தப்பாவோ மாமாவோ யாராவது வெளியே வந்து பேசுவார்கள். "தம்பி என்ன வேலை பார்த்தான்?" என்று கேட்டால் போதும், சொல்ல விரும்புகிறவர்கள் எல்லாவற்றையும் சொல்வார்கள்.

படி 9: கவரும் பொங்கலும்

சில பிரஸ் மீட்டுகளில் செய்திக் குறிப்போடு பணம் வைத்த கவர் வரும். முதல் முறை வாங்கிவிட்டால் அப்புறம் உங்கள் விலை ஊருக்கே தெரிந்துவிடும். பெரிய வசனம் எதுவும் வேண்டாம். "வேண்டாம்ணே, ஆபீஸ்ல வேலை போயிடும்" என்று சிரித்துக்கொண்டே மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். பக்கத்து நிருபர் வாங்கினால் அவருக்குப் பாடம் எடுக்காதீர்கள். அவருக்குச் சம்பளம் வந்து எத்தனை மாதம் ஆனதோ.

பண்டிகை நாள் உங்களுக்குக் கிடையாது. மதுரை நிருபர் யாரும் வீட்டில் பொங்கல் சாப்பிட்டதில்லை: தை முதல் நாள் ஜல்லிக்கட்டு அவனியாபுரத்தில், மறுநாள் பாலமேடு, அடுத்த நாள் அலங்காநல்லூர். பெண் நிருபர்களுக்கு இதற்கு மேலும் பாடு. நாள் முழுக்க நிற்கும் இடத்தில் கழிவறை இருக்காது. தண்ணீர் குடிக்காமலே சமாளித்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட தோழிகள் எனக்கு உண்டு. போனதும் முதல் வேலையாகப் பக்கத்தில் ஒரு வீட்டைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள் என்பார்கள் அவர்கள். அந்த வீட்டு அக்காதான் பிறகு ஊரின் உள்விவகாரத்தையும் சொல்வாராம்.

முதல் லைவ் முடிந்ததும் அம்மாவிடமிருந்து ஃபோன் வரும். நீங்கள் சொன்ன செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. "காலர் ஒரு பக்கம் மடிஞ்சிருந்துச்சுடா" என்பார். சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டு, பதிவைத் தேடி எடுத்து, ஒரு தாளில் எத்தனை "நிச்சயமாக" வந்தது என்று எண்ணுங்கள். என்னுடைய முதல் லைவில் பதினொன்று.